சோம்பல் என்றார்கள், பழகிப்போச்சு என்கிறோம்

1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் வைத்தியர்கள் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தொழிலாளியின் அசதிக்குத் துரைமார் ஏற்கனவே சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். மலத்தைச் சோதித்தால் புழு. இரத்தம் வற்றியவர்களைத்தான் அதுவரை அதட்டி மலையேற்றியிருக்கிறார்கள்.

இன்றைய அசதி வேறு மாதிரியானது. ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் அம்மா செத்தும் அழாத, பிள்ளை பாஸானதற்கும் சிரிக்காத பெண் இருப்பாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, தவறமாட்டாள்; நாட்சம்பளக் கணக்கில் ஒரு பேர்கூடக் குறையாது. நாம் அவளைத் தைரியசாலி என்போம். கேட்டால் “பழகிப்போச்சு” என்பாள். வேலைக்கு வராதவரே நோயாளி என்று கணக்குப் பார்க்கும் தோட்டத்தில், இந்த மரத்துப்போன மனம் யார் கண்ணிலும் படாது.

1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. 1977இலும் 1983இலும் கலவரங்கள். அழுது தீர்க்குமுன் அடுத்த பெரட்டு வந்துவிடும் வாழ்க்கை இது. அதற்காக ஒவ்வொருவர் துயரத்தையும் கொண்டுபோய் 1948இல் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குடிகாரக் கணவனும் கடன்காரனும் இன்றைய ஆட்கள்.

இந்த மரத்துப்போன மனத்துக்கும் சிகிச்சை உண்டு. 1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு எண்ணம், செயல் என்று இரண்டு கைகள் உண்டு. மரத்துப்போனவரிடம் “என்ன நினைத்தீர்கள்?” என்று தொடங்கினால் “ஒன்னுமில்ல” என்றுதான் பதில் வரும். அதனால் செயலில் தொடங்குவது நல்லது. மனச்சோர்வுக்கு அந்தச் செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சையளவுக்குப் பலன் தந்ததாக 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவின் ஆய்வு காட்டியது. முறை எளிது. நாளின் மணிகளை வரிசையாகச் சொல்லவைத்து, எந்த நேரத்தில் மனம் துளியாவது அசைந்தது என்று பத்துக்கு மதிப்பெண் கேட்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு விரல்கள் போதும். அசைந்தது தண்ணீர்ப் பீலிக்கரைப் பேச்சில் என்றால், மறுவாரம் அதற்கென்று ஒரு நேரம் குறிப்பார்கள். காய்கறிப் பாத்தியாக இருக்கலாம், மாசியில் காமன் கூத்து ஒத்திகையாகவும் இருக்கலாம். ஆசை வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதில்லை. செய்யச் செய்யத்தான் உணர்வு மெல்லத் திரும்பும்.

சிக்கல் இங்கேதான். அவளுடைய பகல் கங்காணியுடையது, மாலை அடுப்புடையது. அரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் கணவன் தண்ணீர் எடுக்க வேண்டும். சிகிச்சையின் முதல் பேச்சு அவனோடுதான் நடக்கும்.

எண்ணத்தைத் தொடும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். “என்ன செஞ்சாலும் எதுவும் மாறாது” என்பதைப் பாடப்புத்தகம் திரிந்த எண்ணம் என்று குறித்துக்கொள்ளும். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021வரை போராடிய லயத்தில் அது பாதி உண்மை. சம்பளம் நம் கையில் இல்லை என்பதையும், தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தாலும் பயனில்லை என்பதையும் பிரித்துக் காட்டத் தெரியாத ஆலோசகர், அநியாயத்துக்குச் சமாதானம் சொல்பவராகிவிடுவார்.

முதலில் இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்கப்பட வேண்டும். 1916 கற்றுக்கொடுத்தது அது. சாக நினைப்பவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்காகக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல் குழு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்தே இந்தச் செயல்வழிச் சிகிச்சையை நடத்தியது. பலன் கிடைத்ததை 2017இல் வெளியிட்டார்கள். சிம்பாப்வேயில் பாட்டிமார் மரப்பெஞ்சில் உட்கார்ந்து மனத்துயர் கேட்கிறார்கள். நம்மிடம் பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர்களும் குடும்பநல மாதரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தமிழில் பயிற்சியும், பிறகு மேற்பார்வையும் வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சில் இந்தச் சிகிச்சைக்காக வாரம் ஒரு மணி நேரத்தை, பேர் குறையாமல், கேட்டு வாங்குங்கள்.