தராசுக்கு முத்திரை உண்டு; யோசனைக்கு இல்லையா?

நம் கடையிலுள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். உணவுப் பொருள் விற்க உரிமம் வேண்டும். மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். வாங்குபவரின் நலனுக்காக இவற்றையெல்லாம் நாம் ஏற்று நடக்கிறோம். ஆனால் நாம் ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தை எங்கே போடலாம் என்று யோசனை சொல்ல வருகிறவரிடம், "உங்கள் பதிவு எண் என்ன?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

வியாபாரிக்கு ஓய்வுபெறும் நாளில் கிராஜுவிட்டி வருவதில்லை. கல்லாவில் மிஞ்சியதே முதுமைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், கல்யாணத்துக்கும் ஆதாரம். 1990-களின் பிற்பகுதியில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல மூடப்பட்டதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் விளைவாக 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மோசடி செய்தவரின் சொத்தை முடக்கி விற்க அது வழி செய்கிறது. பணம் போன பிறகு மீட்பதற்கான சட்டம் அது. போகுமுன் காப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

முதலீட்டு ஆலோசகர்களுக்குச் செபி 2013-ல் விதிமுறைகள் வகுத்தது. பதிவும் தகுதித் தேர்வும் கட்டாயமாயின. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்துப் பெறுவதை 2020-ல் வந்த திருத்தம் தடுத்தது. வரவேற்க வேண்டிய விதிகளே. எனினும், காப்பீட்டு முகவர் காப்பீடு பற்றிச் சொல்லும் யோசனையும், பரஸ்பர நிதி விநியோகஸ்தர் விற்பனையோடு சேர்த்துச் சொல்லும் யோசனையும் இவற்றுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு வேறு விதிகள். காப்பீட்டுக்கு ஒரு ஆணையம், ஓய்வூதியத்துக்கு இன்னொன்று, வங்கிக்கு ரிசர்வ் வங்கி. குடும்பத்தின் பணம் ஒன்றுதான். புகார் சொல்லப் போக வேண்டிய வாசலோ நான்கு!

ஆடிட்டர்களுக்கு 1949-லும், வழக்கறிஞர்களுக்கு 1961-லும் தனிச் சட்டங்கள் வந்தன. தகுதி, பதிவு, ஒழுக்க விதி, தவறினால் பெயர் நீக்கம் என்று எல்லாம் அவற்றில் உண்டு. நிதி ஆலோசனையையும் அவ்வாறே ஒரு தொழிலாக அங்கீகரித்து, ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஊர் ஊராக அலைந்து சேமிப்புப் பழக்கத்தை வளர்த்த சிறு முகவர்களின் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. விற்பவர், "நான் விற்பவன், எனக்கு இவ்வளவு கமிஷன்" என்று சொல்லி விற்கட்டும். ஆலோசகர் என்ற பெயரைத் தகுதி பெற்றவர் மட்டும் சூட்டிக்கொள்ளட்டும்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் கொடுத்து யோசனை கேட்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் இலவசம் என்று எது கொடுத்தாலும் அதன் விலை வேறெங்கோ ஏற்றப்பட்டிருக்கும். இதை வியாபாரிக்கு வேறொருவர் சொல்லவேண்டுமா? இனி எவர் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பதிவு எண் என்ன? உங்களுக்குப் பணம் தருவது யார்?" தயங்காமல் விடை சொல்பவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.