பாஸ் கிடாருக்குப் பெட்டி: யார் வாங்குவது?

நண்பர்களே, பென்ஷன் வாங்கும் நமக்கும் பாஸ் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பணம் கடைசியில் நம்மிடம்தான் கேட்கப்படுகிறது.

பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் பந்தல்குடி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் அம்மன் பொங்கல். முளைப்பாரி கரைத்த இரவு பாட்டுக் கச்சேரி இல்லாமல் திருவிழா முடியாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் பகலில் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறான், இரவில் ஒரு கச்சேரிக் குழுவில் பாஸ் வாசிக்கிறான். "பிரீஆம்ப் பெடல் ஒன்னு வாங்கணும் தாத்தா. 24,000 ரூபா. கடையில தவணைக்குத் தர்றாங்க. அது இருந்தா இளையராஜா பாட்டு பாஸ் அப்படியே வரும்" என்றான். செல்போனில் படமும் காட்டினான். உள்ளங்கையகலப் பெட்டி, ஏழெட்டு திருகு, ஒரு மிதி. அது இல்லாவிட்டால் வரும் சீசனுக்கு வேறு ஆளைப் பார்ப்போம் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம்.

அவனிடம் நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அந்தப் பையன் அந்தப் பெட்டியை வாங்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது வேறு பெட்டி. அதையும் அவன் வாங்கக் கூடாது. சவுண்ட் சர்வீஸ்காரர் வாங்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது, சண்டை போடுவதற்கு முன் சொல்லுக்குப் பொருள் சொல் என்பது. பிறகு முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் கோப்பு எழுதியபோதும் அதுதான் உதவியது. ஆகவே முதலில் பொருள்.

பாஸ் கிடாரின் நரம்புகளுக்கு அடியில் காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. அதற்குப் பெயர் பிக்கப். இரும்பு நரம்பு அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சின்ன மின்சாரம் பிறக்கிறது. கண்மாயில் தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போது மடையை அகலத் திறந்தால் என்ன ஆகும்? கடைமடைக்குப் போகாது. அதே கதைதான் இங்கேயும். பிக்கப்புக்கு, எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்கு இறுக்கமான மடை வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் துவாரமோ 10,000 ஓம் அளவில் அகலத் திறந்து கிடக்கும். நேராகக் குத்தினால் பாஸ் சோகை பிடித்ததுபோல் மங்கிப் போகும். அதோடு மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீளும் ஒற்றை வயரில் ஜெனரேட்டர் சத்தமும் சீரியல் பல்பின் இரைச்சலும் ஏறிக்கொள்ளும்.

இந்த இரண்டு நோய்க்கும் மருந்து டி.ஐ. பெட்டி. டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பதன் சுருக்கம். ஒரு பக்கம் கிடார் வயரைக் குத்த வேண்டும், மறுபக்கம் மைக் வயர் வெளியே போகும். மடையின் அகலத்தைச் சரிசெய்யும். ஒரே சத்தத்தை இரண்டு கம்பியில் நேரும் எதிருமாக அனுப்பும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி சேரும். மிக்ஸர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் கழிந்து பாட்டு மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான் அதன் வேலை. சாதாரணமான ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

பிரீஆம்ப் பெடல் என்பது வேறு சரக்கு. அது சத்தத்தின் குணத்தை மாற்றும். அடி, நடு, உச்சி என்று கூட்டிக் குறைக்கும், கொஞ்சம் கரகரப்பு சேர்க்கும், பெரிய ஆம்பிளிஃபயர் வழியே வந்ததுபோல் வேஷம் போடும். பல பெடல்களில் டி.ஐ. துவாரமும் சேர்ந்தே இருக்கும். கடைக்காரர் "ரெண்டு வேலை, ஒரு பெட்டி" என்று விற்பது அதனால்தான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். டி.ஐ. என்பது தேவை. பிரீஆம்ப் என்பது ருசி. தேவையைக் காட்டி ருசியை விற்கிறார்கள். வாங்குகிறவன் கடன்காரனாகிறான்.

"இளையராஜா பாஸ் அப்படியே வரும்" என்பதை எடுத்துக்கொள்வோம். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் கேளுங்கள். கிடார் ஒரு பக்கம் போக, பாஸ் கீழே தன் வழியில் தனியாக நடந்து போகும். அந்த நடை பெட்டிக்குள்ளிருந்து வந்ததல்ல. ராஜா காகிதத்தில் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுப்பார். அவர் பாட்டுகளுக்குப் பல வருஷம் பாஸ் வாசித்த சசிதரன் போன்றவர்கள் பார்த்து வாசிப்பார்கள். எழுத்தும் விரலும்தான் அந்தச் சத்தம்.

வெளிநாட்டிலும் அப்படித்தான். லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸை 1951-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1960-களில் டெட்ராய்ட் நகர மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் அந்த வகைக் கிடாரை ஒரே விரலால் மீட்டி வாசித்தார். அது நேராக ரெக்கார்டிங் மேசைக்குப் போனது. உலகத்துப் பாஸ்காரர்கள் இன்றும் அவரைத்தான் குருவாகச் சொல்கிறார்கள். 1967-ல் லண்டன் ஆபீ ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் செய்த டி.ஐ. பெட்டி வழியே பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் பாஸ் பதிவானது. அந்தப் பெட்டியைச் செய்தது ஸ்டுடியோ. மெக்கார்ட்னி வீட்டிலிருந்து தூக்கி வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி சாலையில் தெற்கே போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தச் சமஸ்தானத்து வித்வானாக இருந்தவர். வெள்ளைக்காரன் வாத்தியமான பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர். பிடிலை மாற்றவில்லை, பிடிக்கும் விதத்தையும் விரலையும் மாற்றினார்கள். இருநூறு வருஷமாக அது நம் வாத்தியம். வெளியிலிருந்து வரும் வாத்தியம் விரலால்தான் நம்முடையதாகும்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு, அதையும் எழுதிவிட வேண்டும். தினம் ஒரு ஊர், தினம் ஒரு மிக்ஸர், தினம் ஒரு ஆப்பரேட்டர். தன் சத்தம் எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பாஸ்காரன் ஆசைப்படுவது தப்பில்லை. சம்பாதித்து, கையில் மிச்சம் வைத்து, காதும் பழகியவன் தாராளமாகப் பெடல் வாங்கட்டும். ஆனால் எங்கள் பொட்டலில் நடப்பதைப் பாருங்கள். பாஸின் அடி நரம்பு நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. தெருமுனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்த அடிச் சத்தம் வரவே வராது. மேடைப் பக்கத்துச் சப் ஊஃபரில் வரும், அங்கே பேடு வாசிப்பவரின் உதையில் முங்கிப் போகும். பையன் பெடலில் அடியைக் கூட்டுவான், நடுவைக் குறைப்பான். கடையில் காதருகே கேட்க அது இனிப்பாக இருக்கும். திறந்த வெளியில் பாஸை ஜனங்களுக்குக் கொண்டு சேர்ப்பதோ அந்த நடுச் சத்தம்தான். பிறகு ஆப்பரேட்டர் மிக்ஸரில் அடியைக் குறைப்பார். 24,000 ரூபாய்த் திருகை ஓசித் திருகு அழித்துவிடும்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி ஒருவர் என்னிடம், "வாத்தியக்காரன் சாமான வாத்தியக்காரன்தான் சார் கொண்டு வரணும்" என்றார். நான் கேட்டேன்: "பாடுற பொண்ணு மைக்கைக் கையிலயா கொண்டு வருது அண்ணாச்சி?" சிரித்தார், பதில் சொல்லவில்லை. மைக் எதுவோ அதுதான் டி.ஐ. பெட்டியும். கிடார் முடியும் இடத்தில் சவுண்ட் செட் தொடங்குகிறது. அந்த வாசற்படிதான் டி.ஐ. வாசற்படி வீட்டுக்காரருடையது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சில இடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். ஏதாவது ஒரு கருவியில் மின்சாரம் கசிந்தால், ஒரு கை நரம்பிலும் உதடு மைக்கிலும் இருக்கிறவன் உடம்பு வழியேதான் அது போகும். 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்சீ நகரத்து மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிடார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுச் செத்துப் போனார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

நம் ஊரில் ஆபத்து இன்னும் அதிகம். பங்குனியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காய்ந்த மண்ணில் அடித்த எர்த் கம்பி இருந்தும் இல்லாத கணக்கு. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஈரம் காத்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது சத்தம் போகும் வயரின் தரைத் தொடர்பை மட்டும் துண்டிக்கும். கரண்ட் எர்த்தைத் தொடாது. இரைச்சலும் நிற்கும், பையனும் பிழைப்பான். இந்த ஒரு சுவிட்சுக்காகவே அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கலாம்.

பேரனுக்கு யோசனை சொல்ல வேண்டியவர்களுக்காகச் சில வரிகள். கிடாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் அது பேசிவ் கிடார், அதற்கு ஆக்டிவ் டி.ஐ. பொருந்தும். ஆக்டிவ் டி.ஐ.-க்குப் பேட்டரியோ மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் பேண்டம் பவரோ வேண்டும். கிடாருக்குள்ளேயே பேட்டரி இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேசிவ் டி.ஐ. போதும், அதற்குக் கரண்டே வேண்டாம். எதுவானாலும் கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பெடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சொந்தக் கிடாரைக் கொண்டு போய்ப் பெரிய ஸ்பீக்கரில் வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். அடாப்டர் இல்லாமல் பேட்டரியிலும் ஓடுமா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் கரண்டில் மலிவு அடாப்டர் போடும் கூச்சலுக்குத் தனியாகப் பெடல் வாங்க வேண்டியிருக்கும்.

விழாக் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. பாக்ஸ் எத்தனை, லைட் எத்தனை, வெடி எத்தனை என்று எண்ணித்தான் அச்சாரம் கொடுக்கிறீர்கள். அந்தத் துண்டுச் சீட்டில் இன்னும் மூன்று வரி எழுதுங்கள். பாஸுக்கு ஒரு டி.ஐ. பெட்டி, கீபோர்டுக்கு இரண்டு. மேடைக்கு அருகே ஈரம் காத்த எர்த். கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர். வெடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும், அதுவும் ஒரே தடவைச் செலவு.

வாயால் சொன்னால் மேடை கட்டும் அவசரத்தில் மறந்துவிடும். எழுத்தில் வாங்குங்கள், கீழே கையெழுத்தும் வாங்குங்கள். கச்சேரி அன்று சாயங்காலம் அந்தச் சீட்டோடு மேடைக்குப் போய் ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.