அழித்தால் எங்கே அழியும்?

கைத்தொலைபேசியில் இடமில்லை என்ற அறிவித்தல் தோன்றியதும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கைவைப்பது படங்களின் மீதேயாகும். காலை வணக்கப் படங்களையும், ஒரே மீனை ஏழுமுறை எடுத்த படங்களையும் அழிப்பதில் நமக்கு யாதோர் ஆட்சேபமுமில்லை. ஆனால், மன்னார்த் தீவின் இல்லங்களில் வேறொரு வகைப் படங்களும் உண்டு.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அதே ஆண்டில் தமிழ்க் குடும்பங்கள் பல, போருக்கு அஞ்சிக் கடல் கடந்து இராமேசுவரம் சென்றன. அல்பங்களைத் தேடி எடுக்க எவருக்கு அவகாசமிருந்தது? உறவினர் வீட்டில் தப்பிக்கிடந்த பழம்படம் ஒன்றைக் கைத்தொலைபேசியால் மீண்டும் படமெடுத்து வைத்திருக்கும் குடும்பங்களில், பாட்டனாரின் முகத்துக்கு அதுவே சாட்சி.

அத்தகைய படம் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்த பின்பே விரலை வைத்தல் வேண்டும். ‘கிளவுட்’ என்பது வானத்து முகிலன்று. ஒரு நிறுவனத்தின் கணினிகளே. கூகிள் போட்டோஸில் பிரதிசேமிப்பு இயங்கினால், அங்கே நாம் அழிக்கும் படம் கைத்தொலைபேசியிலிருந்து மாத்திரமன்றி அக்கணினிகளிலிருந்தும் நீங்கும். “தொலைபேசியில்தானே அழித்தேன், கிளவுட்டில் இருக்குமன்றோ?” என்பது வெறும் மயக்கம். ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் இயங்கினாலும் இதுவே விதி. இடம் மட்டுமே வேண்டுவோருக்குக் கூகிள் போட்டோஸில் தனிக்கட்டளை உண்டு. சேமிக்கப்பட்டுவிட்ட படங்களின் தொலைபேசிப் பிரதிகளை மட்டும் அது நீக்கும்.

சேமிக்கப்பட்டதா என்பதையும் கண்ணால் பார்த்தல் அவசியம். 2021 யூன் 1 முதல், புதிதாகச் சேமிக்கும் படங்கள் கூகிளின் இலவச 15 ஜிபி அளவினுள் அடங்குகின்றன. மின்னஞ்சலுக்கும் அதே இடந்தான். அது நிரம்பினால் பிரதிசேமிப்பு நின்றுவிடும். ஐகிளவுட்டிலோ இலவசமாய்க் கிடைப்பது 5 ஜிபியே.

தவறி அழித்தோர் கலங்க வேண்டா. கூகிள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில், பிரதி சேமிக்கப்பட்ட படம் 60 நாள் வரை கிடக்கும். சேமிக்கப்படாதது 30 நாளே. ஐபோனிலும் 30 நாள் தவணை உண்டு. அதற்குள் மீட்கலாம், தொட்டியையும் துடைத்து வெறுமையாக்காதிருந்தால்!

பழம்படத்தின் பிரதியொன்றைக் கற்பிட்டியிலோ கனடாவிலோ இருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும்; கோப்பாக அனுப்புங்கள். முகத்துக்குரியவரின் பெயரையும் ஊரையும் உடன் எழுதுங்கள், அவற்றைச் சொல்லவல்ல மூத்தோர் வீட்டில் இருக்கும்போதே.