குடோன் தரையும் 'அஞ்சு டன்' கணக்கும்

குடோனுக்குத் தரை போடுவதுதான் என் பிழைப்பு என்று சொன்னால் ஊரில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். "அதுக்கு எதுக்குப்பா இன்ஜினியரு? ஜல்லியக் கொட்டி கான்கிரீட்டப் போட்டா ஆச்சு" என்பார் என் சித்தப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே பிவண்டியில் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிக் கிடங்கு கட்டும் சேட்டுகளும் இதையேதான் இந்தியில் சொல்கிறார்கள்.

முன்பு இது பெரிய தப்பாகத் தெரியவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி இருந்த காலத்தில் கம்பெனிகள் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன குடோன் வைத்திருந்தன. மூட்டையைத் தலையில் சுமந்து அடுக்கினார்கள். தரை எப்படி இருந்தால் என்ன? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் கணக்கு மாறிவிட்டது. பிவண்டி, சாகன், நம்ம ஒரகடம் என்று பெரிய பெரிய கிடங்குகள் வந்தன. பத்து மீட்டர் உயரத்துக்கு ரேக், நாள் முழுக்க ஓடும் ஃபோர்க்லிஃப்ட். கட்டடம் மாறியது, தரையைப் பற்றிய புத்தி மட்டும் மாறவில்லை.

வாடகை விளம்பரங்களைப் பாருங்கள். 'தரை தாங்கும் பளு: சதுர மீட்டருக்கு 5 டன்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், ரேக் வைக்கிறவருக்கு இந்த ஒரு எண்ணால் பாதி பிரயோஜனம்கூட இல்லை.

எப்படி என்கிறீர்களா? ஒரு டன் பேலட். ஒரு தட்டில் இரண்டு பேலட், மொத்தம் நான்கு தட்டு. ஒரு கண்ணிக்கு 8 டன். வரிசையின் நடுவில் இருக்கும் ஒவ்வொரு காலுக்கும் 4 டன் வந்து இறங்கும். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வைத்தால் ஒரு அடி இடைவெளியில் 8 டன். அந்தக் கால் நிற்பதோ உள்ளங்கை அகல இரும்புத் தகட்டில். பளு பரவலாக இல்லை, ஊசி குத்துவது போல ஒரு புள்ளியில் இறங்குகிறது. சதுர மீட்டர் கணக்கு இதைச் சொல்லவே சொல்லாது. கனம் எத்தனை, கம்பியா ஸ்டீல் ஃபைபரா என்பதெல்லாம் இந்தக் கால் பளுவை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

கனத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கரிசல் மண்ணின் மேல் அரைகுறையாக முரம் கொட்டி, ரோலரைப் பேருக்கு ஓட்டிவிட்டு, மேலே 200 மில்லிமீட்டர் கான்கிரீட் போட்டாலும் மண் அமுங்கும்போது அதுவும் கூடவே போகும். மண்ணில் மிச்சம் பிடித்த காசை வைத்து மேலே பெயின்ட் அடிக்கிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

அடுத்தது ஜாயின்ட். கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரியும். எங்கே விரிய வேண்டும் என்று நாம் வெட்டிக் காட்டுகிறோம். கனத்தில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் ஆழம், அதுவும் போட்ட சில மணி நேரத்துக்குள். "காலையில வெட்டிக்கலாம் சார்" என்று ஆள் தூங்கப் போனால், கான்கிரீட் அதுவாகவே இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டிக்கொள்ளும். ட்ரிமிக்ஸ் போடும்போது லாரியில் குழாயை விட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான். தண்ணீரை உறிஞ்சி எடுக்கத்தானே அந்த வாக்குவம் மிஷினே? ஐஎஸ் 456 வெயில் காலத்தில் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. நான் பார்த்த பல சைட்டில் நாலாம் நாளே ரேக்காரன் துளை போட நிற்கிறான்.

இதெல்லாம் வெறும் கட்டடப் பிரச்சினை இல்லை. ரீச் டிரக்கின் சக்கரம் சின்னது, கெட்டியானது. உடைந்த ஜாயின்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அந்த அடி ஓட்டுகிறவன் முதுகெலும்பில் விழுகிறது. நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இரண்டு சக்கரத்துக்கு நடுவே 1.2 மீட்டர், அதில் 3 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு என்றால் 9.6 மீட்டர் உயரத்தில் மாஸ்ட் 24 மில்லிமீட்டர் சாயும். மேலே ஒரு டன் சரக்கு, கீழே நம்மைப் போல ஒரு குடும்பஸ்தன். பெயர்ந்த தரையிலிருந்து கிளம்பும் தூசியில் சிலிக்கா. அது போய்ச் சேருவது நுரையீரலுக்கு.

பழைய தரையைச் சரிசெய்யக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது எப்பாக்ஸி. பளபளவென்று இருக்கும், ஆடிட்டுக்கு வருகிறவர் மகிழ்வார். ஆனால் அடியில் பாலிதீன் விரிக்காத தரையில் ஈரம் மேலே ஏறி, பூச்சை அப்பளம் போல உப்ப வைத்துவிடும். என் வரிசை வேறு. ஆடுகிற பலகைக்கு அடியில் கிரவுட் செலுத்தி முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். உடைந்த ஜாயின்ட் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, எப்பாக்ஸி மோர்ட்டாரால் கட்டி, சக்கரத்தைத் தாங்குகிற கெட்டி ஃபில்லரால் நிரப்புங்கள். தூசி பறந்தால் அரைத்து, சிலிக்கேட் ஹார்டனர் கொடுங்கள். தேறாத பலகையை உடைத்துப் புதிதாகப் போடுங்கள். பளபளப்பு கடைசியில் வரட்டும்.

நம்மில் பலருக்கு ஊரில் செங்குன்றம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலம் இருக்கிறது. 'குடோன் கட்டித் தருகிறோம், வாடகையில் பங்கு' என்று ஆள் வருவார்கள். கூரை ஷீட் என்ன பிராண்ட் என்று கேட்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். மண் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே? ரேக் கால் பளு எவ்வளவு என்று வைத்து டிசைன் செய்தீர்கள்? ஜாயின்ட் வரைபடம் இருக்கிறதா? கூரை போட்டு வெயிலை மறைத்த பிறகுதானே கான்கிரீட் போடுவீர்கள்?

பதில் சொல்லத் திணறினால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். கூரை ஒழுகினால் ஒரு ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம். ரேக்கும் சரக்கும் ஏறிய பிறகு தரையை மாற்ற வேண்டுமென்றால் தொழிலையே நிறுத்த வேண்டும்.