காதுக்கு ஓர் எழுத்து, கண்ணுக்கு ஓர் எழுத்து



எங்கள் பள்ளியில் அண்மையில் ஆங்கில மொழி வாரம் நடைபெற்றது. நான் தமிழாசிரியன். ஆயினும், ஆள் போதாமையால் ஒரு போட்டிக்கு நடுவராக அமர்த்தப்பட்டேன். போட்டி மிக எளியது. குழுவுக்கு ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்தில் தலைப்புத் தொடங்கும் மேற்கத்தியப் பாடல்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதிவர வேண்டும்; அவ்வளவுதான்.

மாணவர்கள் கொண்டுவந்த பட்டியல்களைக் கண்டு நான் வியந்துபோனேன். பழைய ஒலிநாடாக்கள் எத்தனை வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன! ‘ஒய்’ எழுத்தைப் பெற்ற மாணவியர் இருவர், பீட்டில்ஸ் குழுவினரின் ‘யெஸ்டர்டே’ (1965), கார்ப்பென்டர்ஸ் பாடிய ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ (1973) என இரண்டையும் ஒருங்கே கண்டுபிடித்து, “ஐயா, முதல் எழுத்து மட்டுமல்ல, முதல் சொல்லே ஒன்றுதான்!” என்று துள்ளினர். தாத்தாவும் பேத்தியும் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளம் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு ‘என்’ எழுத்து. அவன் தன் தாத்தாவின் ஒலிநாடாவில் கேட்டு எழுதிவந்த பாடல், அப்பா குழுவினரின் ‘நோயிங் மி, நோயிங் யூ’. 1976இல் வெளிவந்த ‘அரைவல்’ இசைத்தொகுப்பில் உள்ள பாடல் அது. கேட்டபடியே ‘என்’ எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தான். அதன் முதல் எழுத்தோ ‘கே’! “இது தவறு” என்று அடித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. உண்மையை ஒளிப்பானேன்... நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு போட்டி முடியும்வரை அந்தச் சிறுவன் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அதே பட்டியல்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு உறுத்தத் தொடங்கியது. அவன் செவி செய்தது பிழையா? அவன் கேட்டது ‘ந’ என்னும் ஒலி. அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று அவனுக்குக் கற்பித்திருந்தோமோ அதையே எழுதினான். அந்தச் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் ‘கே’யை ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் ஒலித்தே வந்தனர். ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில் அவ்வொலி வழக்கிலிருந்து மறைந்தது. எழுத்து மட்டும் அச்சில் தங்கிவிட்டது. இறந்த ஓர் ஒலியின் நடுகல் போல நிற்கும் எழுத்தைக் காணவில்லை என்பதற்காக நாம் ஒரு பத்து வயதுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுகிறார்கள் என்பது பெற்றோர் பலர் நம்மிடம் கூறும் குறை. அக்குறையை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் தடுமாற்றத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். தேசிய மொழியும் ஏறக்குறைய அப்படித்தான். மலாயில் ‘சி’ என்னும் எழுத்து, கழுவுதலைக் குறிக்கும் ‘சுச்சி’யில் வருவதுபோல் ஒரே ஒலியைத் தரும். இந்த இரு மொழிகளாலும் பழகிய குழந்தை ஆங்கிலப் பாட்டுப் பட்டியலுக்கு வருகிறது. அங்கே கிளிஃப் ரிச்சர்டின் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ (1968), சைமன் – கார்ஃபங்கல் இணையரின் ‘செசிலியா’ (1970) இரண்டுக்கும் முதல் எழுத்து அதே ‘சி’. பிளாட்டர்ஸ் குழுவினரின் ‘ஒன்லி யூ’வும், 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்காக விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஒன் மொமன்ட் இன் டைம்’ பாடலும் ‘ஓ’ எழுத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் இரண்டாவதன் முதல் ஒலி உண்மையில் வகரம்; நான் இங்கே ‘ஒன்’ என்று எழுதியதுகூட நம் வழக்கத்தின் கோளாறுதான்! எல்டன் ஜானின் ‘ஃபிலடெல்ஃபியா ஃப்ரீடம்’ (1975) இன்னும் வேடிக்கை. காதால் கேட்டால் இரு சொற்களும் அழகாக மோனை கொள்கின்றன. எழுத்தைப் பார்த்தாலோ ஒன்று ‘பி’, மற்றொன்று ‘எஃப்’.

மோனை என்றவுடன் நம் யாப்பு நூலார் செய்திருப்பது நினைவுக்கு வருகின்றது. முதலெழுத்து ஒன்றிவருவதே மோனை என்று சொன்னவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம் என்று இடம் தந்தனர். எழுத்தின் வடிவைப் பார்த்தால் இவற்றுக்குள் என்ன உறவு? செவியைக் கேட்டால்தான் அந்த உறவு புரியும். அந்தச் சிறுவனும் செவியைத்தான் கேட்டான். தமிழாசிரியனாகிய நான் அதை முதலில் உணர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு குழுவினர் ‘அன்செய்ன்ட் மெலடி’ என்னும் பாடலைத் தேடி அல்லலுற்றனர். தாத்தாவுக்குப் பாட்டு முழுவதும் தெரியும், தலைப்புத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை. 1955இல் வெளிவந்த ‘அன்செய்ன்ட்’ என்னும் திரைப்படத்துக்காக எழுதப்பட்டதால் அமைந்த தலைப்பு அது. பாட்டுக்குள் அந்தச் சொல்லே கிடையாது! மேற்கத்தியர் பாட்டுக்குத் தனியே பெயர் சூட்டுகின்றனர். நாமோ பெரும்பாலும் முதல் அடியையே பெயராகக் கொள்கிறோம். ‘ஆத்திசூடி’, ‘கொன்றைவேந்தன்’ என்னும் நூற்பெயர்களே அவற்றின் கடவுள் வாழ்த்துத் தொடங்கும் சொற்கள்தாம். ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பாட்டின் முதலெழுத்து என்றால் வாயில் முதலில் வரும் ஒலி. அவர்களுக்கு முதலெழுத்து என்பது பட்டியலில் பார்த்து அறிவதன்று, பாடி அறிவது.

“தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலப் பாட்டு எதற்கு?” என்று ஒரு தந்தையார் என்னிடம் சினந்து கேட்டார். அவருடைய தமிழ்ப்பற்றை மதிக்கின்றேன். ஆனால் ஆங்கிலம் பாடத்திட்டத்தில் இருக்கும் மொழி. அதைப் பாட்டின் வழியாகக் கற்பதால் தமிழ் தேய்ந்துவிடாது. தமிழால் கூர்மை பெற்ற காதை ‘பிழை’ என்று சொல்லிச் சொல்லி மழுக்கினால்தான் இரண்டும் தேயும். அப்படி மழுக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்கின்றேன்.

எழுத்துக்கூட்டல் முக்கியமில்லை என்று நான் வாதிடவில்லை. தேர்வுத்தாளில் ‘கே’ இல்லாவிட்டால் மதிப்பெண் கிடைக்காது. அதைக் கற்பித்தே ஆக வேண்டும். எனினும் “நீ கேட்டது சரி. எழுதும்போது இங்கே ஓர் ஊமை எழுத்து இருக்கிறது” என்று சொல்வதற்கும், சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சிரிப்பதற்கும் இடையே எவ்வளவு வேறுபாடு! பெற்றோர்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் கோடு கிழித்து, ஒருபுறம் காதுக்கு ஒத்த பாடல்கள், மறுபுறம் கண்ணுக்கு ஒத்த பாடல்கள் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பொருந்துபவை எத்தனை என்று அவர்களே எண்ணட்டும்.

மறுவாரம் அந்தச் சிறுவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையில் என் தீர்ப்பைத் திருத்திக்கொண்டேன். காதுப் பட்டியலில் அவன் பாட்டுக்கு முழுப் புள்ளி என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அப்படியென்றால் ‘கே’ குழுவுக்கும் இந்தப் பாட்டைக் கொடுக்கலாமா, ஐயா?” என்று கேட்டான். கொடுக்கலாம் என்றேன். ‘கே’ குழுவினர் கைதட்டினர்.

அடுத்த ஆண்டு மொழி வாரத்துக்கு இரண்டு பலகைகள் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கின்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.