வெயிலை அளந்து எழுதுவோம்

அரிசியை நிறுத்து வாங்குகிறோம். பாலை அளந்து வாங்குகிறோம். மின்சாரத்துக்கு அலகுக் கணக்கிற் பணம் செலுத்துகிறோம். ஆயின், நாள்தோறும் நம் முற்றத்திலே வந்து கொட்டுகின்ற வெயிலை மாத்திரம் எவரும் அளப்பதில்லை. விலையின்றிக் கிடைப்பதற்கு அளவு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இனி அவ்வாறு இருத்தல் தகாது. 2016 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் கூரைச் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், எத்தனையோ குடும்பங்கள் வங்கியிற் கடன்பட்டுக் கூரைமேற் சூரியப் படல்களைப் பதித்துள்ளன. தம் கூரையில் விழும் வெயிலின் அளவை அறியாமல் கடன் பத்திரத்திற் கையெழுத்திடுதல், கிணற்றின் ஊற்றை அறியாமல் நீரிறைக்கும் இயந்திரம் வாங்குவதை ஒக்கும்.

வெயில் எத்தனை மணி நேரம் எறித்தது என்பது வேறு. எவ்வளவு வலுவுடன் எறித்தது என்பது வேறு. 1853 இல் ஜோன் பிரான்சிஸ் கம்பெல் என்பார் கண்ணாடிக் கோளம் ஒன்றினால் வெயிலைக் குவித்து, அது சுட்ட தடத்தைக் கொண்டு வெயில் நேரத்தைப் பதியும் கருவியை அமைத்தார். 1879 இல் ஸ்ரோக்ஸ் என்னும் பௌதிக அறிஞர் அதனைத் திருத்தி, அட்டையிலே தடம் பதியுமாறு செய்தார். அழகிய கருவிதான், ஆயினும் அது தருவது நேரக் கணக்கே. நமக்கு வேண்டியது வலுவின் கணக்கு.

முகிலற்ற நண்பகலில், வெயிலை நேரே நோக்கிய ஒரு சதுர மீற்றர் பரப்பிலே ஏறக்குறைய 1000 வாற்று வலு விழுகின்றது. அவ்வண்ணமே ஒரு மணி நேரம் விழுமாயின், அது ஓர் அலகு சக்தி, அஃதாவது ஒரு கிலோவாற்று மணி ஆகும்.

இதனை வீட்டில் அளப்பதற்குச் சிறிய சூரியப் படல் ஒன்றும், மின்னோட்டம் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்றும் போதும். படலின் பின்புறத்தில் ஐ.எஸ்.சி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1000 வாற்று வெயிலில் அப்படல் தரும் குறுஞ்சுற்று மின்னோட்டம் அதுவே. அவ்வெண் 0.5 அம்பியர் என்று கொள்வோம். மானியை அம்பியர் நிலையில் வைத்துப் படலின் இரு கம்பிகளையும் அதனோடு தொடுத்தால், 0.35 என்று காட்டுமாயின் அவ்வேளை வெயில் 700 வாற்று. படல் சூடேறும்போது வோல்ற்றளவு குறையும். இம்மின்னோட்டமோ பெரிதும் மாறாது. ஆதலினாலேயே இதனைத் தெரிந்துகொண்டோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இச்சோதனை சிறு படலுக்கு மட்டுமே உரியது. கூரையிற் பதித்த பெரும் படல்களில் இவ்வாறு செய்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

கூரையின் சாய்வு எத்திசையோ, படலையும் அச்சாய்விலே வையுங்கள். காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரை மணிக்கொருமுறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். அன்றைய எண்களை யெல்லாம் கூட்டி, படலில் அச்சிட்ட எண்ணால் வகுத்தால் அந்நாளின் அலகுக் கணக்குக் கிடைக்கும். கூட்டுத்தொகை 2.5 ஆயின், 0.5 ஆல் வகுக்க 5 வரும். சதுர மீற்றருக்கு 5 அலகு. அத்தகைய நாளில் ஒரு கிலோவாற்றுப் படல் தொகுதி 5 அலகையும் தந்துவிடாது. சூட்டினாலும் தூசியினாலும் மாற்றியினாலும் நேரும் இழப்புப் போக, 4 அலகளவே எதிர்பார்க்கலாம்.

எண்ணுடன் முகிலையும் நிழலையும் குறித்து வையுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சியில் நிற்கும். டிசம்பரில் அது தெற்கே சாய்ந்து நிற்பதால், வளவின் தென்புறத்திலுள்ள 30 அடி மரத்தின் நிழல் நண்பகலிலும் ஏறக்குறைய 20 அடி நீளும். யூனிலோ சூரியன் வடக்கே நிற்கும். அப்போது வடபுறத்து மரமே தென்பக்கமாக 7 அடி நிழல் தரும். காலையும் மாலையும் நிழல் இன்னும் நீளும். தொடராக இணைத்த படல்களில் ஒன்றன் மூலையில் விழும் தென்னோலை நிழலும் விளைவை வெகுவாகக் குறைக்கக்கூடும்.

ஆகவே ஒரு மாதக் கணக்கு உண்மையைக் காட்டாது. பங்குனி வெயிலை மட்டும் கண்டு கணக்கிட்டவர், ஐப்பசி கார்த்திகை மாரியிலே ஏமாறுவர். மாதந்தோறும் நாலைந்து நாளாவது அளந்து, ஓர் ஆண்டுக் கணக்கைச் சேர்த்தல் நன்று. வெயில் நாளை மட்டும் தெரிந்தெடுத்து அளக்க வேண்டாம். நாட்களை முன்னரே குறித்துவைத்து, மழையாயினும் அளத்தல் வேண்டும்.

இவ்வேலையை வீட்டு மாணவரிடம் ஒப்படைக்கலாம். வரைபுத் தாளிற் கோடு வரைந்து பார்க்கும் பிள்ளை, பௌதிகவியலின் ஒரு பாடத்தைத் தன் முற்றத்திலேயே கற்றுக்கொள்ளும். படல் விற்க வருபவர் மாதம் இத்தனை அலகு கிடைக்கும் என்று கூறும்போது, பெற்றோர் அந்தக் கொப்பியை எடுத்து மேசைமேல் வைக்கலாம். இரு கணக்கும் ஒத்துவந்தால் துணிந்து கடன் பெறுங்கள். ஒவ்வாவிடின், ஏன் என்று கேளுங்கள். தக்க விடை கிடைக்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.