கேட்பதில் என்ன வெட்கம்?

கணிப்பொறி வகுப்பில் இரண்டு எண்களைக் கூட்டும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதினோம். 5, 7 என்று கொடுத்தோம். 12 வர வேண்டிய இடத்தில் 57 வந்து நின்றது! அரைமணி நேரம் திருதிருவென விழித்தோமே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'இதுகூடத் தெரியாதா?' என்பார்களே என்ற அச்சம்தான்.

தோழியரே, இது நமக்கு மட்டும் நேர்ந்த தவறன்று. 'இன்புட்' வழியே பெறுவதெல்லாம் எழுத்தாகவே வந்து சேரும். 'இன்ட்' கொண்டு எண்ணாக மாற்றிய பின்னரே கூட்ட இயலும். இத்தகைய சின்னஞ்சிறு ஐயங்களைத்தான் உலகெங்கும் உள்ள நிரலர்கள், முகமறியாதவர்க்கும் கூலியின்றி இணையவழி தீர்த்து வைக்கின்றனர். தேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். நாம் மட்டும் ஏன் நாண வேண்டும்?

'கேட்பது காப்பியடிப்பதே' என்பார் சிலர். விடையை மட்டும் பெயர்த்தெழுதினால் அக்குற்றச்சாட்டு நியாயமே. மேலும் அது நம்மைக் காலை வாரியும் விடும். பைத்தானின் இரண்டாம் பதிப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலோ 3.5! காரணம் அறியாமல் பழைய விடையை எடுத்தாள்பவள் என்ன செய்வாள்? ஆகவே, கேட்பவள் தன் நிரலையும், கணிப்பொறி காட்டிய பிழைச் செய்தியையும், தான் முயன்றதையும் முழுமையாகக் காட்ட வேண்டும். சொல்பவள் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஓடவில்லை' என்று மட்டும் சொன்னால் யார்தான் உதவ முடியும்?

அன்று இறுதியில் எங்களுள் ஒருத்தி எழுந்து கேட்டேவிட்டாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "வேறு யாருக்கு 57 வந்தது?" என்றார். பாதி வகுப்பு கையை உயர்த்தியது.